ஒரே நடைக்கு ரெண்டு கூலி: கலோரி ஆப்புடன் ஒன்றரை வருஷம்

"வெயிட் குறைக்கணும்டா, நீ வச்சிருக்கிற ஆப்புக்குச் சந்தா கட்டலாமா?" என்று நண்பன் கேட்டான். ஒரு வார்த்தையில் சொல்ல வரவில்லை. ஒன்றரை வருஷக் கடுப்பு.

எடை, உயரம், வயது கேட்டு இலக்கு போட்டுக் கொடுப்பது எல்லா ஆப்பும் செய்வதுதான். இதில் ஓடுவது 1990-இல் வந்த மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம். ஆப்பில் சேர்ந்தபோது எனக்கு 82 கிலோ, 170 செ.மீ., 42 வயது. சும்மா படுத்துக் கிடந்தாலே நாளுக்கு 1,678 கலோரி எரியும் என்றது. இதுவரை வம்பில்லை.

அடுத்து, 'உங்கள் உடலுழைப்பு எப்படி?' என்றது. வாரம் நாலு நாள் முக்கால் மணி நேரம் நடக்கிறேனே என்று கொஞ்சம் பெருமையாகவே 'மிதமானது' என்பதைத் தொட்டேன். 1.55-ஆல் பெருக்கி, நாள் தேவை 2,600 என்றது. எடை இறங்க 500 கழித்து 2,100 சாப்பிடச் சொன்னது. மற்ற நேரமெல்லாம் நாற்காலியில் இருக்கும் ஆளுக்கு 'லேசானது', அதாவது 1.375 போதும். அப்படிப் போட்டால் தேவையே 2,307தான்.

சரி, அது என் தப்பு. ஆனால் நடந்துவிட்டு வந்தால் திரையில் பச்சை எழுத்து: '+300! இன்று கூடுதலாகச் சாப்பிடலாம்!' அந்த நடைக்காகத்தானே ஐயா 1.55 போட்டுப் பெருக்கினாய்? ஒரே நடைக்கு ரெண்டு கூலி. அந்த 300-லும் ஒரு 50, அந்த நேரம் சோபாவில் கிடந்திருந்தாலும் எரிந்திருக்கும்.

சொன்னதை நம்பி எட்டு வாரம் சாப்பிட்டேன். ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற தோராயக் கணக்கில் மூன்றரை கிலோ இறங்கியிருக்க வேண்டும். இறங்கியது 300 கிராம்.

பிறகு 'லேசானது' என்று மாற்றி, பச்சை எழுத்தையும் அணைத்தேன். அந்த பட்டனை நாலு மெனுவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதைக்கூட மன்னிப்பேன், ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அது தானாக ஆன் ஆகிவிடுகிறது! ரெண்டு தடவை புகார் எழுதினேன். ரெண்டு தடவையும் 'உங்கள் கருத்துக்கு நன்றி.'

புரதத்தை மொத்தக் கலோரியில் இத்தனை சதவீதம் என்று கட்டிப்போட்டதும் அசட்டுத்தனம். 20 சதவீதம் என்றால், புரதம் கிராமுக்கு 4 கலோரி கணக்கில், 2,100-இல் 105 கிராம். கலோரியை 1,800-ஆகக் குறைத்ததும் 90. தசை கரையாமல் இருக்கப் புரதம் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் குறைக்கிறது. உடல் எடைக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் என்று நானே கையால் போட்டுக்கொண்டேன்.

ஆனால் ஆப் வரைந்து காட்டும் ஏழு நாள் எடைச் சராசரிக் கோடு இருக்கிறதே, அது தங்கம். உப்பு, தண்ணீர் என்று தினசரி எடை ஒரு கிலோ மேலும் கீழும் ஆடும்; கோடு அந்த ஆட்டத்துக்கு அசையாது. ஒரு நாலு வாரம் சராசரியாக 1,850 சாப்பிட்டேன், கோடு 1.6 கிலோ இறங்கியது. 1.6-ஐ 7,700-ஆல் பெருக்கி 28-ஆல் வகுத்தால் 440. ஆக என் உண்மையான தேவை 2,290. முதல் நாளே 'லேசானது' என்று தொட்டிருந்தால் வந்திருக்கும் எண்ணுக்கு 17தான் வித்தியாசம்! அன்று எடை மெஷின் மேல் நின்றபடியே சிரித்தேன்.

இப்போது 74 கிலோ. நண்பனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்று ராத்திரி அப்டேட் ஆனது. காலையில் நடந்துவிட்டு வந்து ஷூவைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் பச்சை எழுத்து.