டிஃபால்ட் எக்ஸ்போர்ட்டை நான் விட்ட கதை

ஜாவாஸ்கிரிப்டில் ஒரு கோப்பில் உள்ளதை இன்னொரு கோப்பில் எடுத்துப் பயன்படுத்த, பழைய முறையான ரெக்வயரை ஐந்து வருடத்துக்கு மேல் எழுதிப் பழகிய கை இது. அதே வேலைக்கான புதிய முறை இம்போர்ட் (எடுப்பது), எக்ஸ்போர்ட் (வெளியே தருவது). அது 2015-லேயே ஜாவாஸ்கிரிப்ட் தரத்துக்குள் வந்துவிட்டாலும், பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடில் தனி ஃபிளாக் (கட்டளையோடு சேர்க்கும் விருப்பம்) போடாமல் ஓடியது 2019 நவம்பரில், 13.2 பதிப்பில்தான். நான் மாறியது 2020-ல்.

முதல் வாரம் சில்லறைத் தொல்லைகள். கோப்பின் பெயரோடு கடைசியில் வரும் ஜேஎஸ்ஸையும் எழுதாவிட்டால் நோட் ஏற்காது. புராஜெக்டின் அமைப்புகள் இருக்கும் பேக்கேஜ் ஜேஸான் கோப்பில் டைப் என்பதற்கு மாட்யூல் என்று போட மறந்தால் அப்போது அதற்கொரு பிழைச்செய்தி வந்தது. எச்டிஎம்எல் கோப்பை டபுள் கிளிக் செய்து திறந்தால் பிரவுசர் மாட்யூலை (இம்போர்ட், எக்ஸ்போர்ட் உள்ள கோப்பை) எடுக்காது, லோக்கல் சர்வர் வேண்டும். இதெல்லாம் இரண்டு நாளில் பழகிவிடுகிறது.

பழகாதது டிஃபால்ட், அதாவது ஒரு கோப்பு தன் முதன்மைப் பொருளாக வெளியே தரும் ஒரே எக்ஸ்போர்ட். ஒரு கோப்பில் டோக்கன் என்ற மாறியை 'நல்' (null, வெற்று) மதிப்போடு தொடங்கி, கீழே எக்ஸ்போர்ட் டிஃபால்ட் டோக்கன் என்று எழுதியிருந்தேன். லாகின் ஆனதும் அதே கோப்பில் அதற்கு மதிப்பு ஏறும். ஆனால் இம்போர்ட் செய்த இடத்தில் எப்போது பார்த்தாலும் நல்! அரை நாள் சர்வரைத்தான் சந்தேகப்பட்டேன். விஷயம் இதுதான்: பெயரோடு எக்ஸ்போர்ட் செய்தால் போவது மாறியோடு உயிருள்ள தொடர்பு, அங்கே மாறினால் இங்கேயும் தெரியும். நான் எழுதிய மாதிரி டிஃபால்ட் போட்டால் அந்த வரி ஓடும் நேரத்து மதிப்பு மட்டும்தான் போகிறது. டிஃபால்ட்டை எடுத்துவிட்டு, சுருள் அடைப்புக்குறிக்குள் பெயரைப் போட்டு எக்ஸ்போர்ட் செய்ததும் சரியாகிவிட்டது.

அப்புறம் பெயர்க் குழப்பம். டிஃபால்ட்டை இம்போர்ட் செய்பவர் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைக்கலாம். தேதியை வடிவமைக்கும் ஒரே ஃபங்ஷனுக்கு எங்கள் புராஜெக்டில் மூன்று பெயர்கள் இருந்தன, நான் ஒன்றைத் தேடித் திருத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். பெயரோடு எக்ஸ்போர்ட் செய்தவற்றில் ஓரெழுத்து தப்பினாலும், நிரல் ஓடத் தொடங்கும் முன்பே பிழை வந்து நிற்கும். 'ஆஸ்' போட்டுப் பெயர் மாற்றினாலும் பழைய பெயர் அதே வரியில் இருக்கும், தேடினால் கிடைக்கும்.

எல்லாவற்றையும் ஓர் இண்டெக்ஸ் கோப்பில் சேர்த்து மறு எக்ஸ்போர்ட் செய்வதையும் குறைத்துவிட்டேன். ஒரு கோப்பு இன்னொன்றைக் கூப்பிட, அது திரும்ப இதையே கூப்பிடும் சுழல் பெரும்பாலும் அங்கேதான் கிளம்புகிறது.

இணையப் பக்கங்களைக் கட்ட உதவும் ரியாக்டில், ஒரு பகுதியைத் தேவைப்படும்போது மட்டும் ஏற்றும் லேஸி மட்டும் டிஃபால்ட்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறது. அந்தப் பக்கங்களில் மட்டும் இன்னும் வைத்திருக்கிறேன்.