மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடிய கே.டி.எச். வேன்: ஒரு மதிப்பீடு

மலைநாட்டு ஹட்டனில் விற்பனைக்கு வந்திருந்த, மீற்றரில் 300,000 கிலோமீற்றர் காட்டிய டொயோட்டா கே.டி.எச். டீசல் வேனை மெக்கானிக் ஒருவருடன் சென்று பார்த்தேன். கொழும்பின் சமதரையில் ஓடிய வேனுக்கும் கினிகத்தேனை ஏற்றத்தில் பாரத்தோடு ஏறி இறங்கிய வேனுக்கும் ஓடிய தூரம் ஒன்றாக இருந்தாலும் தேய்மானம் ஒன்றல்ல. இங்கே கிளட்ச், பிரேக், ரேடியேற்றர் மூன்றையும்தான் முதலில் சோதிக்க வேண்டும். இவ்வகை எஞ்சினில் டைமிங் பெல்ட் (எஞ்சினின் உள் பாகங்களை ஒத்திசைவாகச் சுழற்றும் பட்டி) இருப்பதால், அது கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதற்குப் பற்றுச்சீட்டு இல்லையெனில், மாற்றும் செலவை விலையில் கழித்தே பேச வேண்டும். குளிர்ந்த எஞ்சினை இயக்கியபோது இன்ஜெக்டர் (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் கருவி) தட்டும் சத்தம் தெளிவாகக் கேட்டது; விற்பவரோ மலைநாட்டுக் குளிரைக் காரணம் காட்டினார் (வேன் பிறந்த ஜப்பானில் குளிரே இல்லை போலும்!). அடிப்பகுதியில் துரு குறைவு. கியர் தடையின்றி விழுகிறது. கேட்ட விலைக்கு இது தகாது. இன்ஜெக்டரைச் சரிசெய்யும் செலவை விலையில் குறைத்துத் தந்தால் வாங்கலாம்.