பழைய மேசி 35: மாற்றியதில் எது நின்றது, எது நிற்கவில்லை

எங்கள் மேசி ஃபெர்குசன் 35 டிராக்டரைப் பிரித்து வேலை பார்த்து, அது மறுபடி ஓட ஆரம்பித்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. சேற்று உழவு, டிரெய்லர், கல்டிவேட்டர் என்று எல்லாவற்றுக்கும் போகிறது. இத்தனை போகம் ஓட்டிய பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: வார்ப்பிரும்பும் பழைய கியரும் இருந்தபடி இருக்கட்டும். சீல், பேரிங், ரப்பர் சாமானில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

35 மாடல் 1950களின் கடைசியில் இங்கிலாந்தில் வந்த வண்டி. முதலில் போட்ட 4 சிலிண்டர் டீசல் எஞ்சின் குளிரில் கிளம்ப மறுக்கும் என்று பேர் வாங்கியது. அப்புறம்தான் பெர்கின்ஸ் என்ற எஞ்சின் கம்பெனியின் 3 சிலிண்டர், ஏறக்குறைய 2.5 லிட்டர் எஞ்சின் வந்தது. இங்கே சென்னையில் டாஃபே டிராக்டர் கம்பெனி அந்த வம்சத்து வண்டிகளைத் தொடர்ந்து செய்துவந்ததால் ஸ்பேருக்குப் பஞ்சமில்லை. டாஃபேயின் 1035 மாடலுக்கு வரும் சாமான்கள் பல இதற்கும் சேரும். சிக்கல் என்னவென்றால், ஒரே ஆயில் சீல் மூன்று விலையில் கிடைக்கும். பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும்.

எஞ்சின் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லைனர், பிஸ்டன், ரிங் செட், மெயின் பேரிங், பிக் எண்ட் பேரிங் எல்லாம் புதுசு. கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) அளந்து பார்த்துத் தேய்த்தோம். லைனர் என்பது பிஸ்டன் ஓடும் உருளை. இதில் வருவது தண்ணீர் படாத டிரை லைனர் என்பதால் அழுத்தி இறக்கிய பிறகு உள்ளே கடைந்து (போர் பண்ணி), மெருகு தேய்ப்பு (ஹோனிங்) கொடுக்க வேண்டும். நல்ல லேத் பட்டறை கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. டீசல் பம்பையும் நாசிலையும் பம்பு சர்வீஸில் கொடுத்து டெஸ்ட் பண்ணி வாங்கியதோடு சரி. இன்றுவரை புகை இல்லை.

உண்மையான கதை கிராங்கின் பின்பக்க சீலில் இருக்கிறது. இந்தப் பழைய எஞ்சின்களில் அங்கே வருவது கயிறு சீல். இரண்டு அரைவட்ட ஹவுசிங்கில் கயிற்றை ஆயிலில் ஊறவைத்து, வழவழப்பான உருளைக் கம்பியால் உருட்டி உருட்டிப் பள்ளத்தில் உட்கார வைக்க வேண்டும். முனைகளை மட்டமாக வெட்டிவிடக் கூடாது. இரண்டு பக்கமும் கால் மில்லிமீட்டருக்குக் குறையாமல், அரை மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் வெளியே நிற்க வேண்டும். இரண்டு பாதியும் சேரும்போது அந்த முனைகள் ஒன்றையொன்று நெருக்கினால்தான் ஆயில் நிற்கும். இங்கே ஒழுகினால் ஆயில் நேராகக் கிளட்ச் ஹவுசிங்குக்குள் வரும், பிளேட் நனைந்து வழுக்கும். சீலின் விலை சொற்பம். ஆனால் அதை எட்ட டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். "தம்பி, பிரிச்சதோட பிரிச்சதா எல்லாத்தையும் மாத்திடணும், இன்னொரு தடவை பிரிக்கிற வேலை வைக்கக் கூடாது" என்றார் மெக்கானிக் அண்ணன். கிளட்ச் பிளேட்டுகள், ரிலீஸ் பேரிங், கியர் பாக்ஸ் முன்பக்க சீல் எல்லாம் அப்போதே மாறின. அந்த இடம் இன்றைக்கும் காய்ந்து கிடக்கிறது. ஹவுசிங்கின் அடியில் ஒரு சின்ன ஓட்டையில் ஆணி தொங்கும், பார்த்திருப்பீர்கள். பழைய மேசி வாங்கப் போனால் பெயிண்டைப் பார்க்குமுன் குனிந்து அந்த ஆணியில் ஆயில் சொட்டுகிறதா என்று பாருங்கள்.

ஏமாற்றியது கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக். இந்த வண்டியில் கியர் பாக்ஸ், பின் ஆக்சில், லிஃப்ட் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். பம்பு அந்த ஆயிலுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும். கியர் லீவர் ரப்பர் வெடித்திருந்தால் மழைத் தண்ணீர் நேரே உள்ளே இறங்கும். கேஜ் வீல் (சேற்றுக்குப் போடும் இரும்புச் சக்கரம்) போட்டுச் சேறடிக்கும்போது ஆக்சில் சீல் வழியாகவும் வரும். ஆயில் பால் காப்பி நிறத்துக்கு மாறிவிட்டால் பம்பு தேய ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பம்புக்கு மலிவாகக் கிடைத்த வால்வு கிட் ஒன்றைக் கடைக்காரர் அடித்துச் சொல்லிக் கொடுத்தார். ஒரு சம்பா தாண்டவில்லை. எஞ்சினை நிறுத்தினால் தூக்கி வைத்த கலப்பை கண் முன்னாலேயே இறங்கும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு கம்பெனி கிட் போட்ட பிறகுதான் நின்றது. லீவர் ரப்பரை இப்போது வெடிப்பு விடும் வரை காத்திராமல் மாற்றிவிடுகிறேன்.

முன் ஆக்சில் சென்டர் பின்னுக்குக் கடையில் வாங்கியதைவிட லேத்தில் கடைந்த கன்மெட்டல் புஷ் நன்றாக உழைக்கிறது, கிரீஸ் மட்டும் விடாமல் அடிக்க வேண்டும். டீசல் லைனை இணைக்கும் பான்ஜோ போல்ட்டில் (நடுவில் துளையுள்ள போல்ட்) வரும் செப்பு வாஷரைத் தூக்கிப் போடாதீர்கள். சிவக்கச் சூடு காட்டித் தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகிவிடும், டீசல் லைன் காற்று இழுக்காது. மட்கார்டு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. புதுசாக வருவது மெல்லிய தகடு, ஆள் ஏறி உட்கார்ந்தாலே நெளிகிறது. பழையதில் அரித்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுப் போட்டு வெல்டு வைத்தோம். சிவப்பு பெயிண்டுக்குக் கீழே அந்த ஒட்டு தெரியத்தான் செய்கிறது, தெரியட்டும்.

டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டதைப் பழமை விரும்பிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மெதுவாக ஓடும்போது டைனமோ சார்ஜ் கொடுக்காது. ராத்திரியில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டில் வருகிறவனுக்கு லைட் வேண்டும். கண்காட்சிக்கு வைக்கிற வண்டி என்றால் டைனமோவே இருக்கட்டும்.

இன்னும் பாக்கி ஸ்டீயரிங் பாக்ஸ்தான். பாக்ஸின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு ஆர்ம் இருந்து அந்தந்தப் பக்கச் சக்கரத்தைத் திருப்பும் அமைப்பு என்பதால் ஒரு பக்கம் தேய்ந்தாலும் வண்டி அலைகிறது. பால் ஜாயிண்டுகளை மாற்றியும் ஆட்டம் முழுதாகப் போகவில்லை. தாளடி அறுப்பு முடிந்ததும் பாக்ஸை இறக்கிப் பார்க்க வேண்டும்.