தீபாவளிக்கு இன்னும் இரண்டு நாள்: சுத்தம் செய்யும் பொருட்களில் எது உழைக்கிறது, எது வெறும் வாசனை

மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்ட வீடு. தீபாவளிக்கு ஊரிலிருந்து ஆட்கள் வர இரண்டே நாள். இந்த நிலையில் கடைக்குப் போனால் கண்ணில் படும் பாட்டிலையெல்லாம் கூடையில் போடத் தோன்றும். அதில் பாதி தேவைப்படாது. வீட்டில் சேரும் அழுக்கு பெரும்பாலும் மூன்று வகைதான்: தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, போர்த் தண்ணீர் விட்டுப்போகும் உப்புக் கறை. தூசிக்கு ஈரத்துணி போதும். பிசுக்குக்குச் சோடா போன்ற காரமும் சூடும் வேண்டும். உப்புக் கறைக்கு அமிலம் வேண்டும். பொருளை மாற்றிப் போட்டால், தோள் இறங்கத் தேய்த்தும் கறை அப்படியே நிற்கும். கீழே வரும் பொருட்களை இந்தக் கணக்கில்தான் எடை போட்டிருக்கிறோம்.

முதலில் வாங்க வேண்டியது பாட்டில் அல்ல, சாக்கு. காலியான 25 கிலோ அரிசிப் பை நான்கு இருந்தால் போதும். குப்பைக்கென்று கடையில் விற்கும் கறுப்புப் பை நடுத்தர அளவில் 19க்கு 21 அங்குலம்தான் இருக்கும். டப்பா முனை பட்டாலே கிழியும். அரிசிப் பை கிழியாது, நிமிர்ந்து நிற்கும், வாயைக் கட்டி இழுத்துப் போகலாம். ஒன்று பழைய பேப்பர் கடைக்கு, ஒன்று குப்பைக்கு, ஒன்று யாருக்காவது கொடுக்க, ஒன்று 'அப்புறம் பார்த்துக்கலாம்' சாமான்களுக்கு. ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பத்து விநாடியில் முடிவு வரவில்லையா, நான்காவது பையில் போட்டுவிடுங்கள். பரணை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள். திறந்தால் அரை நாள் போகும். துடைத்து முடித்த தரையில் புதிதாகத் தூசியும் கொட்டும்.

பூந்துடைப்பம் தீபாவளிக்குப் புதிதாக வாங்குவது வழக்கம். புதுத் துடைப்பத்தில் பூத்தூள் உதிரும். பெருக்கப் பெருக்கத் தரையில் பொடி சேரும். வாங்கினால் வாசலில் சுவரில் நன்றாகத் தட்டி, பழைய சீப்பால் இரண்டு முறை வாரி, அதன்பிறகு உள்ளே கொண்டு வாருங்கள். அவசரத்துக்குப் பழைய துடைப்பமே நல்லது. ஒட்டடைக்குச்சியில் நீட்டிச் சுருக்கும் கம்பி உள்ளது வசதிதான். ஆனால் பூட்டும் இடம் பிளாஸ்டிக்காக இருந்தால் முழு நீளத்தில் அழுத்தும்போது நழுவி உள்ளே போய்விடும். மின்விசிறிக்கு அது ஆகாது. பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி, இரு பக்கமும் அழுத்தி வெளியே இழுத்தால் தூசி மொத்தமும் உறைக்குள்ளேயே விழும். சமையலறைக்குப் பக்கத்து விசிறியில் தூசி எண்ணெயோடு ஒட்டியிருக்கும். அங்கே மட்டும் உறைக்குப் பிறகு பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு சொட்டு விட்ட ஈரத்துணி தேவைப்படும். இறக்கையின் ஒரு பக்கம் அழுந்தி வளையாமல் மறுகையால் தாங்கிப் பிடியுங்கள். வளைந்த இறக்கை ஆடத் தொடங்கும்.

துடைக்கும் துணிகளில் மைக்ரோஃபைபர் நன்றாகத் தூசி பிடிக்கிறது. அதைத் துணிக்கு மென்மை தரும் கண்டிஷனரில் அலசினால் நூலிழையில் படலம் படிந்து, தண்ணீர் உறிஞ்சுவது குறைந்துவிடும். கண்ணாடிக்கும் ஸ்டீலுக்கும் பலமுறை துவைத்த பழைய பருத்தி வேட்டிக்கு ஈடாக எதுவும் கடையில் இல்லை. நூல் உதிராது, கோடு விழாது. ஒரு வேட்டியைக் கிழித்தால் எட்டுத் துணி கிடைக்கும். கழிவறைக்கு எடுத்த துணியில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால் சமையலறைத் துணியோடு கலக்காது.

சுழல் மாப்பு வாங்கலாமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. மழைக்காலத் தீபாவளிக்கு வாங்கலாம். கையால் பிழியும் மாப்பைவிடத் தண்ணீரை நன்றாக இறக்கிவிடுகிறது. தரை சீக்கிரம் காய்கிறது. காலால் மிதிக்கும் வகையில் மிதியின் கீழே உள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம்தான் முதலில் போகும். கம்பியை மேலிருந்து அழுத்திச் சுற்றும் வகை எளிமையானது. அதில் கம்பியின் பூட்டைத் திறக்காமல் அழுத்தினால் உள்ளே உள்ள முறுக்குக் கம்பி உடையும். வாங்கும்போதே மாற்றுத் தலை இரண்டு சேர்த்து வாங்குங்கள். ஒரு கம்பெனியின் தலை இன்னொன்றுக்குப் பொருந்தும் என்று நம்ப முடியாது. முன்னால் பெருக்காமல் இதை இறக்கினால் தலைமுடியும் மணலும் இழையில் சிக்கி, துடைத்த இடத்திலேயே சேற்றுக் கோடு விழும். ஒரு அறைக்கு ஒரு பக்கெட் தண்ணீர். ஹால் துடைத்த தண்ணீரில் படுக்கையறையைத் துடைத்தால் ஹால் அழுக்கு அங்கே குடிபோகும்.

அடுத்தது சமையலறை. இங்கேதான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வாசனைத் திரவங்கள் எவ்வளவு தெளித்தாலும் பழைய எண்ணெய்ப் பிசுக்கு அசையாது. சலவை சோடா அசைக்கும். அதுவும் மிகக் குறைந்த விலைக்கு. 1 லிட்டர் நன்கு சுட்ட தண்ணீரில் 2 மேசைக்கரண்டி சலவை சோடா, 1 தேக்கரண்டி பாத்திரம் தேய்க்கும் திரவம் கலந்து, துணியை நனைத்து அடுப்புக்குப் பின்னால் உள்ள டைல்ஸில் ஒட்டிவிடுங்கள். 15 நிமிடம் அப்படியே இருக்கட்டும். பிறகு ஒரே இழுப்பில் வரும். பொறுக்காமல் உடனே தேய்ப்பதுதான் வழக்கமான தவறு. பிசுக்கு இளகுவதற்குமுன் தேய்த்தால் அது பரவத்தான் செய்யும். கையுறை கட்டாயம். அலுமினியத்தில் மட்டும் சோடா கூடாது, கறுத்துப்போகும். வலை போன்ற சிம்னி வடிகட்டி பல வீடுகளில் அலுமினியம். அதற்கு வெந்நீரும் பாத்திரத் திரவமும் மட்டும், அரை மணி ஊறல். எக்ஸாஸ்ட் ஃபேனில் மின்சாரத்தை நிறுத்தி, இறக்கையைக் கழற்றித் தனியாக ஊற வையுங்கள். மோட்டாரில் தண்ணீர் படக் கூடாது.

குளியலறையில் எலுமிச்சை உப்புக்கு, அதாவது சிட்ரிக் அமிலத்துக்கு, முதல் மதிப்பெண். மளிகைக் கடையில் பொடியாகவே கிடைக்கும். 50 கிராமை 1 லிட்டர் வெந்நீரில் கரைத்து, துணியை நனைத்து வெள்ளை பூத்த குழாயைச் சுற்றிக் கட்டி அரை மணி விட்டால் உப்பு இளகி வரும். ஷவர் தலைக்கு ஒரு பாலித்தீன் பையில் அதே கரைசலை ஊற்றி ரப்பர் பேண்டால் கட்டிவிடலாம். பிறகு நன்றாகக் கழுவித் துடையுங்கள். மொசைக், மார்பிள், கடப்பா மூன்றின் மேலும் இது விழக் கூடாது. கடப்பா என்பது சுண்ணாம்புக் கல். அமிலம் பட்ட இடம் மங்கி வெளுக்கும், எந்தப் பாலிஷாலும் எளிதில் சரியாகாது. நம் வீடுகளில் அலமாரித் தட்டும் சமையல் மேடையும் இன்னும் பல இடங்களில் கடப்பாதான் என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கழிவறைப் பீங்கானுக்கு ஹார்பிக் போன்ற நீலத் திரவம் போதும். அதன் வேலையைச் செய்வது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிரஷ்ஷால் தள்ளித் தண்ணீர் மட்டத்தைக் குறைத்த பிறகு விளிம்புக்கு அடியில் ஊற்றி அரை மணி விடுங்கள். தண்ணீர் நிறைய இருந்தால் நீர்த்துப்போய்ப் பலன் பாதியாகும். குழாயில் ஊற்றாதீர்கள், மேற்பூச்சு போய்விடும். உதிரியாக விற்கும் ஆசிட் வேண்டவே வேண்டாம். அது டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமெண்டை அரிக்கும், அதன் புகை கதவுக் கீலைத் துருப்பிடிக்க வைக்கும். ஆசிட் விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2013-இல் கட்டுப்பாடு விதித்ததன் காரணம் வேறு, அதைவிடப் பெரியது: ஆசிட் வீச்சு.

ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறோம். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும், அல்லது பிளீச்சையும் ஹார்பிக்கையும், ஒரே குளியலறையில் அடுத்தடுத்துப் போடாதீர்கள். குளோரின் வாயு வரும். சின்ன வென்டிலேட்டர் மட்டும் உள்ள அறையில் அது நுரையீரலைத் தாக்கும். அவசரத்தில் இரண்டையும் போடுவது எல்லாப் பண்டிகைக்கும் நடக்கிறது. மூக்கில் காரம் ஏறினால் எதையும் கழுவிவிட நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

சோடா உப்பும் வினிகரும் கலந்தால் பொங்குவதைப் பார்த்து வேலை நடக்கிறது என்று நினைக்கிறார்கள். காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு உப்புத் தண்ணீர் மிஞ்சுகிறது. தனித்தனியாக இரண்டும் உபயோகம், சேர்த்தால் வீண். பினாயில் கிருமிக்கும் வாடைக்கும் சரி, பிசுக்கை எடுக்காது. அதிகம் ஊற்றினால் தரை பிசுபிசுக்கும், ஈரக்காலின் தடம் விழும். அரை பக்கெட்டுக்கு ஒரு மூடி போதும். காலின் போன்ற கண்ணாடித் திரவம் நல்ல பொருள்தான். ஆனால் தூசி மேலேயே தெளித்தால் சேறாகும்; காய்ந்த துணியால் ஒரு முறை துடைத்துவிட்டுத் தெளியுங்கள். டிவி திரையில் அதைத் தெளிக்கக் கூடாது.

ஐப்பசி மழையில் பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை பிடித்திருக்கும். காய்ந்த துடைப்பத்தால் தட்டினால் அறை முழுவதும் பறக்கும். முகமூடி போட்டு, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, 1 பங்கு பிளீச் திரவத்துக்கு 10 பங்கு தண்ணீர் சேர்த்துத் தடவி, ஜன்னலைத் திறந்து வையுங்கள். சுவர் டிஸ்டெம்பர் என்றால் முதலில் ஓரத்தில் சோதியுங்கள். ஈரத்துணியோடு நிறமே வந்துவிடும். பூஜை அறைச் சுவரில் விளக்குக் கரி படிந்திருந்தால் முதலில் ஈரத்துணி வைக்காதீர்கள், கரி இழுபடும். காய்ந்த ஸ்பாஞ்சால் மேலிருந்து ஒற்றி எடுத்துவிட்டு, மிச்சத்துக்குத்தான் சோப்புத் தண்ணீர். பித்தளைக்குப் புளியும் உப்பும் பீதாம்பரிக்குக் குறையில்லாத வேலை செய்யும். கழுவியதும் துணியால் ஈரம் போகத் துடைக்காவிட்டால் மறுநாளே பச்சை பூக்கும்.

ஆள் வைத்துச் செய்யும் முழு வீட்டுச் சுத்தம் சேவைக்கு வருவோம். இரண்டு மூன்று பேர் இயந்திரத்தோடு வந்து அரை நாளில் முடிப்பார்கள். குளியலறை டைல்ஸ், சமையலறைச் சுவர், ஜன்னல் கம்பி ஆகியவற்றுக்கு இது கொடுத்த காசுக்குத் தகும். சாமான் குவிந்த வீட்டுக்குத் தகாது. அவர்கள் எதையும் பிரித்து எடுத்து வைக்க மாட்டார்கள். நகர்த்தி நகர்த்தித் துடைப்பதிலேயே நேரம் போய்விடும். சாக்கு வேலை முடிந்த பிறகே ஆளைக் கூப்பிடுங்கள். பேசும்போதே அலமாரியின் உட்புறம், கொசுவலை, பால்கனி, விசிறி இவையெல்லாம் கணக்கில் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தரை மொசைக் என்றால், ஆசிட் கூடாது என்று வருகிறவரிடமே நேரில் சொல்லுங்கள். போனில் சொன்னது அவர் காது வரை போயிருக்காது.

திரைச்சீலைகளை இந்த மழையில் கடைசி இரண்டு நாளில் துவைத்தால் காயாது, வாடை வரும். கழற்றாமல் உறிஞ்சும் இயந்திரத்தால் இழுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மொட்டைமாடிக் கூரைக்கடியில் உதறி மாட்டுங்கள். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் வாசல், ஹால், விருந்தினர் படுக்கும் அறை, அவர்கள் போகும் குளியலறை, அடுப்பு மேடை. மற்ற அறைகளின் கதவைச் சாத்திவிடலாம். கடைசி இரவில் குளியலறைத் தரையை வைப்பரால் வழித்து, கதவைத் திறந்து, விசிறிக் காற்று உள்ளே போகும்படி விடுங்கள். சோப்புப் படலம் மிஞ்சிய ஈரத் தரையில்தான் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வருகிறவர் வழுக்குவார். அதனால் வழிப்பதற்கு முன் வெறும் தண்ணீரால் இரண்டு முறை அலசிவிடுங்கள்.