பழைய மோட்டார் சைக்கிளைச் சீரமைக்கையில் அசல்தன்மையை எதுவரை காப்பது?

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைச் சீரமைக்க எடுப்பவர், முதல் நட்டைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். வண்டியைக் கிடைத்த நிலையிலேயே பேணுவதா, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் தோற்றத்துக்குத் திருப்புவதா, தோற்றத்தைத் தொடாமல் உள்ளுறுப்புகளை மட்டும் இக்காலத்துக்கு ஏற்ப மாற்றுவதா, அல்லது பழைய வண்டியை மூலப்பொருளாகக் கொண்டு விருப்பப்படி வேறொன்றைக் கட்டுவதா என்று நான்கு வழிகள் அவர் முன் இருக்கின்றன. அசல்தன்மை மிகுந்தது முதல் குறைந்தது வரை இவற்றை ஒரே ஏணியின் படிகளாக அடுக்குவது வழக்கம். பல தவறான முடிவுகள் அந்த அடுக்கலிலிருந்துதான் தொடங்குகின்றன என்பது என் கருத்து.

ஏனெனில் ‘அசல்’ என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு பொருள்கள் அடங்கியிருக்கின்றன. அன்று வார்க்கப்பட்ட அதே உலோகமும் அன்று பூசப்பட்ட அதே பெயின்ட்டும் இன்றும் இருப்பது ஒன்று. அன்றைய தோற்றம் இன்று கண்ணுக்குத் தெரிவது இன்னொன்று. அன்று ஓடியபடியே இன்றும் ஓடுவது மூன்றாவது. நிறம் மங்கிய டேங்க் பொருளளவில் அசல், தோற்றத்தில் அசல் அல்ல. அதையே சுரண்டிப் புதிய பெயின்ட் அடித்தால் தோற்றம் திரும்புகிறது, பொருள் போய்விடுகிறது. ஆகவே இந்த வழிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு அசலைக் காக்கின்றன. ஒன்றைக் காக்கும்போது மற்றொன்றை எவ்வளவு இழக்கிறோம் என்பதையே ஒப்பிட வேண்டும்.

கிடைத்த நிலையிலேயே பேணும் வழி பொருளைக் காக்கிறது. தொழிற்சாலையில் கையால் இழுத்த பொன்னிறக் கோடு சற்றே வளைந்திருப்பதும், டேங்கின் அடிப்பகுதியில் பெயின்ட் மெல்லியதாகப் படிந்திருப்பதும், மட்கார்டின் உட்புறம் மெருகேற்றப்படாமல் விடப்பட்டிருப்பதும் அந்த வண்டியை உருவாக்கியவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்பதற்கான நேரடிச் சான்றுகள். அதே மாடலைப் பின்னாளில் சீரமைக்க முனையும் ஒருவருக்கு எந்த நிற அட்டையைக் காட்டிலும் இத்தகைய வண்டியே நம்பகமான வழிகாட்டி. சுரண்டி எடுத்த பெயின்ட்டை உலகில் எவராலும் திரும்ப ஒட்ட முடியாது என்ற ஒரு காரணமே இந்த வழியை முதலில் பரிசீலிக்கப் போதுமானது.

ஆனால் பேணுவது வேறு, கவனியாமல் விடுவது வேறு. துரு மேலும் பரவாமல் தடுப்பதும், மென்மையான சோப்பு நீரால் துடைத்து மெழுகிடுவதும், எண்ணெய் நனைத்த துணியால் குரோம் பாகங்களை அவ்வப்போது துடைப்பதும் பொறுமையைக் கேட்கும் வேலைகள். பெயின்ட் அடிப்பதற்குத் தேவையான நேரத்தைவிட, பெயின்ட் அடிக்காமல் காப்பதற்குச் செல்லும் நேரம் பல சமயங்களில் அதிகம். மேலும் டயர், கேபிள், பிரேக் லைனிங், வெடித்துப்போன வயர் ஆகியவற்றைப் பழைமையின் பெயரால் விட்டுவைக்க இடமில்லை. டேங்க் துருவேறி ஓட்டை விழுந்திருந்தாலோ, முன்பு யாரோ அசல் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு மீண்டும் அடித்திருந்தாலோ இந்த வழியின் அடிப்படையே தளர்ந்துவிடுகிறது. அசலின்மேல் நேரடியாக அடிக்கப்பட்ட பெயின்ட்டாக இருந்தால், அதைப் பொறுமையாக நீக்கி அடியிலுள்ளதை மீட்கச் சில சமயம் வாய்ப்பு உண்டு. எனவே ஒரு மூலையிலாவது சோதித்துப் பார்க்காமல் மேற்பரப்பு போய்விட்டதென்று முடிவு செய்யக் கூடாது.

மேற்பரப்பு உண்மையிலேயே போய்விட்ட வண்டிக்குத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவதே நேர்மையான வழி. இங்கே எழும் கேள்வி, எந்த நிலை என்பதுதான். 1959இல் வெளிவந்த முதல் ட்ரையம்ஃப் போனவில் டி120 வண்டியில் முகப்பு விளக்கு ஃபோர்க்கை மூடிய கவசத்துக்குள்ளேயே அமைந்திருந்தது. மறு ஆண்டில் அது தனி விளக்காக மாறியது. பிற்கால வடிவமே பலருடைய மனத்தில் போனவில்லாகப் பதிந்திருப்பதால், முதலாண்டு வண்டியைச் சீரமைப்பவர் தனி விளக்கைப் பொருத்திவிட்டு அதையே அசல் என்று நம்பிவிடக்கூடும். 1920களின் இறுதிவரை மோட்டார் சைக்கிள்களில் நிக்கல் பூச்சே வழக்கம்; அதன் ஒளியில் மெல்லிய மஞ்சள் வெதுவெதுப்பு இருக்கும். 1925ஆம் ஆண்டு வண்டியின் ஹேண்டில் பாரில் நீலம் பாய்ந்த குரோம் மின்னினால், அந்த வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் காலம் தவறிவிடுகிறது.

இந்த வழியின் பெருங்குறை, அளவுக்கு மீறிச் சீரமைக்கும் ஆசை. தொழிற்சாலை எந்நாளும் தராத பளபளப்பை இரட்டைக் கலவைப் பெயின்ட் தருகிறது. வார்ப்பின் சொரசொரப்புடன் விடப்பட்ட அலுமினியத்தைப் பஃப் இட்டுக் கண்ணாடியாக்குகிறார்கள். 1969இல் வந்த ஹோண்டா சிபி750 வண்டியின் முதல் 7,414 இன்ஜின்களை ஆர்வலர்கள் ‘மணல் வார்ப்பு’ என்று அழைப்பதே அவற்றின் கிராங்க்கேஸில், அதாவது இன்ஜினின் அடிக்கூட்டில், தெரியும் சொரசொரப்பினால்தான். உண்மையில் அவை மணல் அச்சில் வார்க்கப்பட்டவை அல்ல, உலோக அச்சில் வார்க்கப்பட்டவை. ஆயினும் அந்தச் சொரசொரப்பே அவற்றின் அடையாளமாகிவிட்டது. மெருகேற்றினால் தேய்ந்து போவது அழுக்கு மட்டுமல்ல.

நட்டு போல்ட்டுகளிலும் இதே சிக்கல் தொடர்கிறது. அக்காலத்தில் பெரும்பாலும் மங்கலான சாம்பல் நிறத்துடன் காட்மியம் பூசிய போல்ட்டுகளே இருந்தன. இன்று எவர்சில்வர் போல்ட்டுகளை மாற்றுவது பலருக்கு எளிதான தீர்வாகப் படுகிறது. அவை தோற்றத்தைக் கெடுப்பதோடு, வலிமையிலும் எப்போதும் ஈடாவதில்லை: பரவலாகக் கிடைக்கும் ஏ2-70 தர எவர்சில்வரின் இழுவிசை 700 நியூட்டன், 8.8 தரச் சாதாரண எஃகின் இழுவிசை 800 நியூட்டன், இரண்டும் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு. பிரேக்கைத் தாங்கும் இடத்தில் இந்த மாற்றத்தை நான் செய்ய மாட்டேன். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி, மெட்ரிக் மரைக்கு 60 டிகிரி. ஏறக்குறையப் பொருந்துவதாகத் தோன்றும் போல்ட்டை முறுக்கி ஏற்றினால் அலுமினியத்தில் இருக்கும் மரை அழிந்துவிடும்.

சந்தையில் கிடைக்கும் மறுதயாரிப்புப் பாகங்களைப் பற்றியும் என் எண்ணம் உறுதியானது: பழுதுபார்க்கக்கூடிய அசல் பாகம் கையில் இருக்கும்வரை புதியதை வாங்கக் கூடாது. விரிசல் விட்ட பழைய மட்கார்டை வெல்டிங் வைத்துத் தட்டி நேராக்கினால் அதன் துளைகள் அந்தந்த இடத்தில் பொருந்தும். புதிதாக வாங்கியதன் துளைகளை அரத்தால் ராவ வேண்டியிருப்பதை அடிக்கடி காண்கிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் சீரமைத்த வண்டியின் சட்டகத்தை ஒரு பட்டறையில் பவுடர் கோட்டிங்குக்கு, அதாவது பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பூச்சுக்கு, கொடுத்தேன். அதன் தடித்த படிவு சேசிஸ் எண்ணின் பள்ளத்தை நிரப்பிவிட்டது. எழுத்துகளைத் திரும்பத் தெளிவாக்க அந்த இடத்தில் மட்டும் பூச்சைக் கரைத்து எடுக்க நேர்ந்தது. அப்போதுதான் அருகிலிருந்த பற்றவைப்பில் ஒரு மயிரிழை விரிசல் இருந்ததைக் கண்டேன். பூச்சு அதையும் மூடி மறைத்திருந்தது. மெல்லிய எனாமல் பெயின்ட்டாக இருந்திருந்தால் இரண்டும் கண்ணில் பட்டிருக்கும். சட்டகத்திலும் இன்ஜினிலும் பொறித்த எண்கள் எக்காரணம் கொண்டும் தேய்க்கப்படவோ மீண்டும் பொறிக்கப்படவோ கூடாது என்பதில், நான்கில் எந்த வழியைத் தேர்ந்தவருக்கும் விலக்கு கிடையாது. வண்டி இன்னதுதான் என்பதற்கு அவையே முதற்சான்று.

மூன்றாவது வழி, தோற்றத்தைக் காத்து உள்ளே மேம்படுத்துவது. வண்டியை உண்மையிலேயே சாலையில் ஓட்ட விரும்புவோருக்கு ஆழ்ந்து பார்க்கத் தக்கது இதுவே. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பரவலாக இருந்த, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் லூகாஸ் இ3எல் டைனமோ 6 வோல்ட்டில் 60 வாட் மட்டுமே தரும். அதே வாட் அளவை 12 வோல்ட்டில் செலுத்தினால் மின்னோட்டம் பாதியாகும். வயரில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் கால் பங்காகக் குறையும். அதே டைனமோவை வைத்துக்கொண்டு, பழைய ரெகுலேட்டரின் பெட்டிக்குள்ளேயே அடங்கும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரால் இந்த மாற்றத்தைச் செய்யலாம். ஆனால் டைனமோ சார்ஜ் செய்யத் தொடங்க இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நெரிசலில் மெதுவாகவே ஓட்டுபவருக்கு அது ஒரு குறை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது, வேண்டாமென்றால் ஒரு பிற்பகலில் பழையபடி ஆக்கிவிடலாம்.

தீப்பொறிக்காக மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பிளாட்டினம் பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் வைப்பதை அவ்வளவு எளிதாகப் பரிந்துரைக்க மாட்டேன். பாயின்ட் தேயத் தேய டைமிங், அதாவது தீப்பொறி பாயும் நேரம், நகர்கிறது, எலக்ட்ரானிக்கில் நகர்வதில்லை என்பது உண்மைதான். எனினும் பாயின்ட் கெடும்போது முன்கூட்டியே முனகும். வழியில் நின்றாலும் ஒரு ஸ்பேனரும் உப்புத்தாளும் போதும். எலக்ட்ரானிக் பெட்டி கெட்டால் ஒரேயடியாக நின்றுவிடும். பேட்டரி தளர்ந்திருந்தால் கெடாமலேயே மக்கர் செய்யும் வகைகளும் உண்டு. சுழற்சியிலிருந்து தானே மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோ உள்ள வண்டியில் பேட்டரியே இல்லாமல் தீப்பொறி கிடைக்கிறது. அத்தகைய வண்டியில் மேக்னெட்டோவுக்கு மறுசுற்றுக் கட்டிக் கொள்வதே மேல் என்பேன், ஏனெனில் அங்கே மூன்றாவது பொருளிலான அசல், அதாவது ஓடும் விதம், எந்த இழப்புமின்றிக் காக்கப்படுகிறது.

எரிபொருள் விஷயத்தில் தேர்வுக்கே இடம் குறைவு. 2021இல் அல்ஜீரியா நிறுத்தியதோடு சாலை வண்டிகளுக்கான ஈயப் பெட்ரோல் உலகெங்கும் முடிவுக்கு வந்தது. வார்ப்பிரும்பு சிலிண்டர் ஹெட்டிலேயே நேரடியாக வால்வு சீட் (வால்வு மூடும்போது அமரும் விளிம்பு) வெட்டப்பட்ட இன்ஜின்களில் ஈயம் ஒரு மெத்தைபோல் உதவியது; அது இல்லாமல் நீண்ட நேரம் வேகமாக ஓட்டினால் சீட் உள்வாங்கும். மெதுவாக ஓட்டுபவர் அவசரப்பட வேண்டியதில்லை. எப்படியும் ஹெட்டைத் திறக்கும் நாளில் கடினப்படுத்திய சீட் வைத்துக்கொள்ளலாம். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை உப்பச் செய்வதோடு, சில ஃபைபர்கிளாஸ் டேங்குகளையும் உட்பூச்சுகளையும் கரைக்கவும் செய்யும் என்பதால், அந்த உறுப்புகளை இக்காலப் பொருளுக்கு மாற்றுவதை அசல்தன்மைக்கு ஏற்பட்ட இழப்பாக நான் எண்ணுவதில்லை. பிரேக் லைனிங்கும் அப்படியே. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். டிரம்மில் சேர்ந்த தூளைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து, புதிய லைனிங் ஒட்டிக்கொள்ள வேண்டும். டிரம் அப்படியே இருக்கும். மென்மையான புதிய லைனிங்கை டிரம்முக்கு ஏற்ப லேத்தில் கடைந்து பொருத்தினாலே, டிஸ்க் பிரேக் தேடிச் செல்லும் ஆசை பலருக்குத் தணிந்துவிடும்.

இந்த வழியில் எல்லை எங்கே என்று கேட்டால், வெட்டுவதிலும் துளையிடுவதிலும் என்பேன். போல்ட் கழற்றி மாற்றிய எதையும் மீண்டும் போல்ட் மாட்டித் திருப்பலாம். சட்டகத்தில் பாகங்களை மாட்டும் ஒரு காதை அறுத்துவிட்டால், இன்ஜின் கேஸில் ஒரு துளையிட்டுவிட்டால், அது அந்த வண்டியின் நிரந்தர வரலாறாகிவிடுகிறது. கழற்றிய அசல் பாகங்களைச் சீட்டுக் கட்டி ஒரே பெட்டியில் வைத்து, வண்டியை விற்கும் நாளில் அந்தப் பெட்டியையும் சேர்த்துக் கொடுப்பது இந்த வழியைத் தேர்ந்தவரின் கடமை.

நான்காவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெவ்வேறு வண்டிகளிலிருந்து சேர்ந்த உதிரிகள் மட்டுமே கையில் இருந்தால், விருப்பப்படி கட்டுவதால் எவருக்கும் இழப்பில்லை. முழுமையான ஒரு வண்டியை அதற்காக அறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே வேளையில், அக்காலத்திலேயே செய்யப்பட்ட மாற்றம் வேறு வகை. நார்ட்டனின் ஃபெதர்பெட் சட்டகத்தில் ட்ரையம்ஃப் இன்ஜினை ஏற்றி 1950களிலும் 60களிலும் கட்டப்பட்ட ட்ரைட்டன் வண்டிகள் இன்று தம்மளவிலேயே வரலாற்றுப் பொருள்கள். அத்தகைய ஒன்றைப் பிரித்து இரண்டு ‘அசல்’ வண்டிகளாக்க முயல்வது, இருந்த ஒரு சான்றை அழித்து இரண்டு ஊகங்களை உருவாக்குவதாகும்.

நடைமுறையில் பெரும்பாலான வண்டிகள் ஒரே வழிக்குள் முழுவதும் அடங்குவதில்லை. டேங்கில் பெயின்ட் முக்கால் பங்கு நன்றாக இருக்கும், முன் மட்கார்டு அரித்துப் போயிருக்கும், வயரிங் சிதைந்திருக்கும். இத்தகைய வண்டியில் வயரிங்கைப் பழைய நிற ஒழுங்கிலேயே புதிதாக இழுப்பேன்; டேங்கைத் தொடாமல் மெழுகிடுவேன். தொல்லை தருவது மட்கார்டுதான். அதற்குப் புதிய பளபளப்பைக் கொடுத்தால் பக்கத்திலுள்ள டேங்க் அழுக்காகத் தோன்றும். ஆறு மாதத்தில் டேங்கையும் அடித்துவிடலாம் என்ற எண்ணம் வந்துவிடும். பல நல்ல டேங்குகள் இப்படித்தான் சுரண்டப்படுகின்றன. அதனால் மட்கார்டின் பெயின்ட்டை டேங்கின் இன்றைய மங்கலான நிறத்துக்கு ஒத்துக் கலந்து, பளபளப்பை ஒரு படி குறைத்து அடிக்கச் சொல்வேன். போலியான கீறல்களோ துருக் கறைகளோ அதில் சேர்க்க மாட்டேன். மட்கார்டின் உட்புறத்தில், மண் படாத ஒரு மூலையில், பெயின்ட் அடித்த தேதியைச் சிறிய எழுத்தில் எழுதிவைப்பேன்.