பேட்மேன் அனிமேஷன் படங்கள்: பல வருடம் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகு எவை நிற்கின்றன

பேட்மேன் அனிமேஷன் படங்களைப் பல வருடங்களாகத் திரும்பத் திரும்பப் பார்த்து வருகிறேன். முதலில் டிவிடி, அப்புறம் ப்ளூரே, இப்போது பெரும்பாலும் ஓடிடி. முதல் தடவை வாய் பிளந்து பார்த்த படங்களில் பாதி இன்று அலுத்துவிட்டன. வேறு சில, வயது ஏற ஏற இன்னும் நெருக்கமாகியிருக்கின்றன. என் அனுபவத்தில் இந்த வித்தியாசத்துக்குக் காரணம் குரல்தான்.

பேட்மேனின் முகத்தை நினைத்துப் பாருங்கள். கார்ட்டூனில் அவன் முகமூடி போட்டதும் கண்கள் இரண்டு வெள்ளைக் கீற்றுகளாகிவிடும். புருவம் தெரியாது, நெற்றி தெரியாது. ஒரு தாடை, ஒரு வாய், அவ்வளவுதான். வலி, குற்றவுணர்வு, பாசம் எல்லாவற்றையும் குரல் சுமந்தாக வேண்டும். சண்டைக் காட்சி எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் மூன்றாம் தடவை பார்க்கும்போது அடுத்த அடி எங்கே விழும் என்று தெரிந்துவிடும். ஒரு நல்ல குரல் அப்படிப் பழகிப்போவதில்லை.

அதனால் என் வரிசையில் முதல் இடம் இன்றுவரை 1993-ல் வந்த 'மாஸ்க் ஆஃப் தி ஃபேன்டஸம்' படத்துக்குத்தான். 1992-ல் தொடங்கிய 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்' டிவி தொடரின் குழுவே எடுத்த படம். இயக்கம் எரிக் ரடோம்ஸ்கியும் புரூஸ் டிம்மும். முதலில் நேரடியாக வீடியோவில் வெளியிடத்தான் திட்டம். பிறகு முடிவு மாறி, அவசரமாக கிறிஸ்துமஸ் அன்று தியேட்டருக்கு வந்தது. சரியான விளம்பரம் இல்லை, வசூலும் தேறவில்லை. பின்னால் வீடியோவில் பார்த்தவர்கள்தான் அதைத் தூக்கி நிறுத்தினார்கள்.

76 நிமிடப் படம். கோத்தம் நகரத்துத் தாதாக்களை ஓர் உருவம் ஒவ்வொருவராகக் கொல்கிறது. பழி பேட்மேன் மேல் விழுகிறது. கூடவே, புரூஸ் வெய்ன் இன்னும் பேட்மேன் ஆகாத காலத்துக் காதல் கதையும் ஓடுகிறது. ஆண்ட்ரியா என்ற பெண்ணைச் சந்திக்கிறான், வாழ்க்கையில் முதல் முறையாக நிம்மதியாக இருக்கிறான். அந்த நிம்மதியே அவனுக்குப் பெரிய சிக்கலாகிறது. கொட்டும் மழையில், கொலையுண்ட அப்பா அம்மாவின் கல்லறை முன்னால் மண்டியிட்டு, குற்றத்தை எதிர்த்துப் போராடுவேன் என்று கொடுத்த வாக்கிலிருந்து தன்னை விடுவிக்கும்படி கெஞ்சுகிறான். தான் சந்தோஷமாக இருப்போம் என்று எதிர்பார்க்கவே இல்லை என்கிறான்.

சின்ன வயதில் இந்தக் காட்சி எனக்கு மெதுவாகப் போவதுபோல் இருந்தது. அடுத்த சண்டை எப்போது வரும் என்று காத்திருப்பேன். இப்போது இதற்காகவே படத்தைப் போடுகிறேன். பேட்மேனுக்குக் குரல் கொடுத்த கெவின் கான்ராய் இந்த இடத்தில் பேட்மேன் குரலைத் தொடவே இல்லை. இருபதுகளில் இருக்கும் ஒரு பையன் உடைந்து அழுகிற குரல் அது. ஜூலியார்டில் நாடகம் படித்தவர். புரூஸுக்கு ஒரு குரல், பேட்மேனுக்கு ஒரு குரல் என்று பிரித்துப் பேசியவர். இரண்டில் எது வேஷம், எது நிஜம் என்பது படம் போகப் போகத்தான் பிடிபடும்.

இன்னொரு விஷயம். அந்த மர்ம உருவத்துக்குக் குரல் கொடுத்த ஸ்டேசி கீச், அதே படத்தில் வேறொரு பாத்திரத்துக்கும் பேசியிருக்கிறார். அது எந்தப் பாத்திரம், ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது முடிவு தெரிந்தபின் இரண்டாம் தடவை பார்க்கும்போது விளங்கும். முதல் தடவை காதை ஏமாற்றிய அதே உத்தி, இரண்டாம் தடவை கதைக்குள் இன்னொரு கதவைத் திறக்கிறது. இதை நானாகக் கண்டுகொண்ட இரவில் படம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன்.

ஷெர்லி வாக்கரின் இசையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டைட்டிலில் வரும் பெரிய கோரஸ் லத்தீன் தோத்திரம்போலக் கேட்கும். உண்மையில் அது அவரோடு வேலை செய்தவர்களின் பெயர்களைத் தலைகீழாகத் திருப்பிப் பாடிய வரிகள். தெரிந்தபின்னும் அந்தக் கம்பீரம் கொஞ்சமும் குறையவில்லை.

சரி, பார்க்கும் வசதி பற்றியும் ஒரு வார்த்தை. அந்தத் தொடரில் பின்னணிகளைக் கறுப்புத் தாளில் வரைந்தார்கள். இருட்டிலிருந்துதான் வெளிச்சம் பிறக்கும். படத்திலும் அதே இருட்டு. ஓடிடியில் நெட் கொஞ்சம் மந்தமானால் இந்தக் கறுப்பெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். 2023-ல் 4கே டிஸ்க் வந்தது. டிஸ்க் பிளேயர் இருப்பவர்கள் இந்த ஒரு படத்தையாவது டிஸ்க்கில் பாருங்கள். இல்லாவிட்டால் அறை விளக்கை அணைத்துவிட்டு, இயர்போன் மாட்டிக்கொண்டு பாருங்கள். பாதி நியாயமாவது கிடைக்கும்.

இரண்டாவது இடம் 2010-ல் வந்த 'அண்டர் தி ரெட் ஹூட்'. இதன் பின்கதை தெரிந்தால் படம் இன்னும் கனக்கும். 1988-ல் காமிக்ஸ் வாசகர்களிடம் இரண்டு தொலைபேசி எண்களைக் கொடுத்தார்கள். பேட்மேனின் இளம் துணைவன் ராபினாக இரண்டாவதாக வந்த ஜேசன் டாட் சாக வேண்டுமா, பிழைக்க வேண்டுமா என்று வாக்கெடுப்பு. சாகட்டும் என்று 5,343 அழைப்புகள், பிழைக்கட்டும் என்று 5,271. எழுபத்திரண்டு அழைப்பு வித்தியாசத்தில் ஒரு பையனின் கதை முடிந்தது. பல வருடம் கழித்து ஜட் வினிக் அந்தப் பையனைக் காமிக்ஸில் திரும்பக் கொண்டுவந்தார். படத்துக்கும் அவரே திரைக்கதை எழுதினார்.

படத்தின் உச்சம் ஓர் அறைக்குள் நடக்கும் வாக்குவாதம். என்னைக் காப்பாற்ற முடியாமல் போனதை மன்னித்துவிட்டேன், ஆனால் என்னைக் கொன்ற ஜோக்கர் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்று ஜேசன் கேட்கிறான். உலகத்துக் கொலைகாரர்களை எல்லாம் கொல்லச் சொல்லவில்லை. இவன் ஒருவனைத்தான் கேட்கிறான், தன்னை எடுத்துக்கொண்டு போனதற்காக. ஜேசனுக்குப் பேசிய ஜென்சன் ஆக்கிள்ஸ் இதைக் கோபத்தில் தொடங்கி, பாதியில் அப்பாவிடம் முறையிடும் பிள்ளையின் குரலுக்கு இறங்கிவிடுகிறார். அங்கே எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும். கொல்வது கஷ்டம் என்பதால் அல்ல, ரொம்பச் சுலபம் என்பதால்தான் செய்யவில்லை, ஒரு தடவை அந்தப் பக்கம் போனால் திரும்ப வரமாட்டேன் என்று பேட்மேன் சொல்லும் பதில் எனக்கு ஒவ்வொரு வயதிலும் வேறு மாதிரிக் கேட்டிருக்கிறது. இருபது வயதில் ஜேசன் பக்கம் நின்றேன். இப்போது பேட்மேனுக்காகவும் வலிக்கிறது. இதில் பேட்மேனுக்குக் குரல் கொடுத்த புரூஸ் கிரீன்வுட் அதை உரத்துப் பேசாமல், தோற்றுப்போனவனாகவே பேசுகிறார்.

அதே ஆக்கிள்ஸ் 2021-ல் 'தி லாங் ஹாலோவீன்' படத்தின் இரண்டு பாகங்களிலும் பேட்மேனாகவே பேசினார். குற்றம் சாட்டிய குரல் முகமூடிக்குள் வந்துவிட்டது. வரிசையாகப் பார்க்கிறவர்களுக்குக் கிடைக்கும் தனிச் சுகம் இது. அந்தப் படம் துப்பறியும் கதையாக நன்றாகவே போகிறது. ஆனால் கொலையாளி யார் என்று தெரிந்தபின் மறுபடி பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை வரவில்லை. கேட்வுமனாகப் பேசிய நயா ரிவேரா படம் வெளிவருவதற்கு முன்பே 2020-ல் இறந்துபோனார். அவர் வரும் காட்சிகளை மட்டும் கவனமாகக் கேட்பேன்.

'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' (2012, 2013) இரண்டு பாகம். பிராங்க் மில்லரின் 1986 காமிக்ஸ். பத்து வருடம் ஓய்விலிருந்த ஐம்பத்தைந்து வயது புரூஸ் மறுபடி வெளியே வருகிறான். காமிக்ஸைப் படித்தவர்களுக்கு ஒரு குறை இருக்கும்: பக்கமெல்லாம் ஓடும் அவன் மனக்குரலைப் படத்தில் எடுத்துவிட்டார்கள். எனக்கும் முதலில் அது பெரிய ஏமாற்றம். ஆனால் பீட்டர் வெல்லரின் குரல் அந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புகிறது. வறண்ட, சோர்ந்த, எதற்கும் அவசரப்படாத குரல். முதல் பாகத்தின் சேற்றுச் சண்டையில் அவன் வேகத்தால் ஜெயிப்பதில்லை. உடம்பின் எந்த நரம்பை எங்கே அடிக்க வேண்டும் என்ற அறிவால் ஜெயிக்கிறான். முழங்கால் வலி வந்த வயதில் பார்க்க வேண்டிய படம் இது. இரண்டையும் சேர்த்து ஒரே படமாக வந்த பதிப்பும் உண்டு. ஒரே மூச்சில் பார்ப்பதுதான் நல்லது.

மனக்குரலை அப்படியே வைத்துக்கொண்டது 2011-ல் வந்த 'இயர் ஒன்'. 64 நிமிடம்தான். பெயருக்குத்தான் பேட்மேன் படம். மனதளவில் இது ஜிம் கார்டனின் படம். லஞ்சத்தில் ஊறிய போலீஸ் துறையில் நேர்மையாக இருக்கப் பார்க்கிற, ஆனால் சொந்த வீட்டில் தடுமாறுகிற மனிதர். பிரையன் கிரான்ஸ்டன் அவருக்குப் பேசியிருக்கிறார். பேட்மேனைவிட அவர் குரல்தான் நினைவில் நிற்கிறது, அது சரியும்கூட.

எனக்கு மிக அதிக வருத்தம் கொடுத்தது 'தி கில்லிங் ஜோக்' (2016). கான்ராயும், ஜோக்கராகப் பேசும் மார்க் ஹாமிலும் சேர்ந்து, ஆலன் மூரின் 1988 கதையில்! எவ்வளவு எதிர்பார்ப்பு. மூலக்கதை சின்னது என்பதால் முன்னால் அரைமணி நேரம் பேட்கேர்ல் கதையை ஒட்டினார்கள். அது அந்தப் பெண்ணுக்கும் மரியாதையாக இல்லை, பின்னால் வரும் கதைக்கும் உதவவில்லை. இப்போதெல்லாம் அந்தப் பகுதியைத் தாண்டித்தான் பார்க்கிறேன். கடைசியில் மழையில் ஜோக்கர் சொல்லும் அந்த ஜோக், அதைக் கேட்டு பேட்மேன் சிரிக்கத் தொடங்கும் இடம்: அதற்கு மட்டும் ஈடு கிடையாது.

ஹாமிலின் ஜோக்கரை முழுசாகக் கேட்க வேண்டுமென்றால் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜோக்கர்' (2000) பாருங்கள். எதிர்காலக் கதை, புரூஸ் கிழவன். கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அமெரிக்காவில் குழந்தைகள் படங்களில் வன்முறை பற்றிக் கவலை கூடியிருந்தது. படத்தை வெட்டி வெளியிட்டார்கள். வெட்டாத பதிப்பு 2002-ல் வந்தது. அதைத்தான் பார்க்க வேண்டும். நடுவில் வரும் பழைய நினைவுக் காட்சியில் அந்தச் சிரிப்பு என்ன ஆகிறது என்பதைச் சொல்லமாட்டேன். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது பாருங்கள்.

'சப்ஜீரோ' (1998) கதையாக மனதைத் தொடும். மிஸ்டர் ஃப்ரீஸாகப் பேசிய மைக்கேல் அன்சாராவின் பனிக்கட்டிக் குரல் அருமை. ஆனால் வண்டிகளுக்கு அன்றைய கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் போட்டிருக்கிறார்கள், அது இன்று உறுத்துகிறது. 'கோத்தம் நைட்' (2008) ஆறு குறும்படங்கள், எல்லாம் ஜப்பானிய ஸ்டூடியோக்கள் செய்தவை. வலியைத் தாங்க புரூஸ் இந்தியாவில் பயிற்சி எடுக்கும் பகுதி ஒன்றுதான் என்னைத் திரும்ப இழுக்கிறது. 'பேட்மேன் நிஞ்ஜா' (2018) கண்ணுக்கு விருந்து. இரண்டாம் தடவை என்னால் முடிக்க முடியவில்லை.

குழந்தைகளோடு பார்க்க என்ன என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 'தி லெகோ பேட்மேன் மூவி' (2017). சிரிப்புப் படம்தான். ஆனால் ஊரைக் காப்பாற்றிவிட்டு வீட்டுக்கு வந்து, முகமூடியைக்கூடக் கழற்றாமல், மைக்ரோவேவ் முன்னால் தனியாக நின்று சாப்பாடு சூடாகக் காத்திருக்கிறான் பாருங்கள், பேட்மேனின் தனிமையை அதைவிட நேராகச் சொன்ன படம் குறைவு. பிள்ளைகள் சிரிப்பார்கள், பெரியவர்களுக்கு வேறு ஏதோ ஆகும். பத்து வயதுக்கு மேல் ஆனால் 'ஃபேன்டஸம்' காட்டலாம், கூட உட்கார்ந்து. 'ரெட் ஹூட்' தொடங்கியதுமே ஜோக்கர் கடப்பாரையால் ஒரு பையனை அடிக்கிறான். அதனால் அது பதின்ம வயதுக்கு மேல். 'கில்லிங் ஜோக்' பெரியவர்களுக்கு மட்டும்.

கான்ராய் 2022 நவம்பரில் காலமானார். அவர் முன்பே பதிவுசெய்து வைத்திருந்த குரல் 2024-ல் வந்த 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' மூன்றாம் பாகத்தில் இருக்கிறது. படம் ஒட்டுமொத்தமாக எனக்குப் பிடிக்கவில்லை; ஏகப்பட்ட ஹீரோக்கள், யாரோடும் நின்று பேச நேரமில்லை. அவர் வரும் இடத்தை மட்டும் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன். இப்போது படத்துக்குப் படம் பேட்மேன் குரல் மாறுகிறது. புதியவர்களில் நல்லவர்களும் உண்டு. ஆனால் பழைய தொடரில் குரல் இயக்குநர் ஆண்ட்ரியா ரொமானோ நடிகர்களை ஒரே அறையில் உட்காரவைத்து, ஒருவரையொருவர் பார்த்துப் பேசவைத்துப் பதிவுசெய்தார். தனித்தனியாகப் பேசி ஒட்டும்போது அந்த உயிர் வருவது கஷ்டம். அடுத்த பேட்மேன் படத்தை எடுப்பவர்கள் வேறு எதில் செலவைக் குறைத்தாலும், இதில் குறைக்காமல் இருந்தால் போதும்.