பறவை நோக்குவோருக்கு ஒரு மாஸ்டடான் சர்வர்: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

புதுச்சேரி, வில்லியனூர், கடலூர், பண்ருட்டி ஆகிய ஊர்களைச் சேர்ந்த பறவை நோக்கும் நண்பர்கள் ஏறத்தாழ நாற்பது பேர் பல ஆண்டுகளாக ஒரு கைபேசிச் செயலிக் குழுவில் இருந்தோம். விடியற்காலையில் ஊசுட்டேரிக் கரையில் நின்று ஒருவர் எழுதிய எண்ணிக்கைக் குறிப்பு, பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் முன்னனுப்பிய காணொளிகளுக்கும் அடியில் நண்பகலுக்குள் புதைந்துவிடும். சென்ற ஆண்டு பெருமாள் ஏரிக்கு ஊசிவால் வாத்துகள் எந்த வாரத்தில் வந்தன என்று கேட்டால் எடுத்துக்காட்ட எவரிடமும் ஒன்றும் இருக்காது. அந்தக் குறையைத் தீர்க்கவே, ட்விட்டரைப் போலச் சிறு பதிவுகள் இட்டுப் பகிரும் சமூக வலைத்தள மென்பொருளான மாஸ்டடானைக் கொண்டு 2024இன் தொடக்கத்தில் எங்களுக்கென்று ஒரு சர்வரை நிறுவினோம். அன்றிலிருந்து அதன் நிர்வாகப் பொறுப்பைக் கவனித்து வருபவன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

மாஸ்டடானை ஓய்கன் ரோச்கோ 2016இல் வெளியிட்டார். மூலநிரல் திறந்திருப்பதால் எவரும் தம் சொந்த சர்வரில் இதை நிறுவிக்கொள்ளலாம். அப்படி நிறுவப்பட்ட சர்வர்கள் ஆக்டிவிட்டிபப் என்னும் நெறிமுறையின் வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதைப் பரிந்துரைத் தரமாக ஏற்றது. ஆகவே எங்கள் உறுப்பினர் எங்கள் சர்வரில் இருந்துகொண்டே வேறொரு நாட்டில் வேறொருவர் நடத்தும் சர்வரில் உள்ள பறவையியலாளரைப் பின்தொடரவும் அவரோடு உரையாடவும் முடிகிறது. உப்பனாற்று முகத்துவாரத்தில் ஆய்வாளர்கள் அடையாளத்துக்காகக் காலில் மாட்டிய வண்ணப்பட்டையோடு நின்ற ஓர் உள்ளானின் படத்தை எங்கள் உறுப்பினர் ஒருவர் இட்டபோது, அந்தப் பட்டையைப் படிக்கும் முறையை அன்று மாலையே விளக்கியவர் நாங்கள் அதுவரை அறிந்திராத ஒரு வெளிநாட்டு அன்பர்.

தமிழில் எழுதுவோருக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. ஒரு பதிவின் எல்லை 500 எழுத்து. அதை இம்மென்பொருள் எண்ணும் விதம் நம் இலக்கணத்தோடு ஒத்துப்போகிறது. ‘முக்குளிப்பான்’ என்று எழுதினால் நாம் எண்ணுவதைப் போலவே ஏழெழுத்து என்று கணக்கிடுகிறது. உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியாக எண்ணும் தளங்களில் அதே சொல் பதினான்காகிவிடும். தமிழ் ஹேஷ்டேக்குகளும் உடையாமல் வேலை செய்கின்றன. ஆனால் கணக்கின் முகவரிப் பெயரை ரோமன் எழுத்தில்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு இன்றும் வருத்தமே. காட்சிப் பெயரை மட்டும் தமிழில் இட்டுக்கொள்ளலாம். தேடலும் நிறைவாக இல்லை. முழுப் பதிவுகளிலும் தேடுவதற்குத் தனியாக ஒரு தேடல் மென்பொருளை இணைக்க வேண்டும். இணைத்த பின்னரும் ‘ஏரி’ என்று தேடினால் ‘ஏரியில்’ என்று எழுதியவை எங்களுக்குக் கிடைப்பதில்லை. அதனால் நீர்நிலையின் பெயரையும் பறவையின் பெயரையும் வேற்றுமை உருபு ஏற்றாமல் ஹேஷ்டேக்காக இடுவதை விதியாக்கினோம். இந்தச் சிறு ஒழுங்குதான் எங்கள் பதிவுகளை ஒரு குறிப்பேடாக மாற்றியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த பின், கரையொதுங்கிய கடற்பறவைகளைப் பற்றி உறுப்பினர்கள் எழுதியவற்றை இன்றும் கால வரிசைப்படி ஒரே சொடுக்கில் எடுத்துப் படிக்க முடிகிறது.

இனி, எங்களை வெகுவாகப் பாதித்த ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டும். கோடையில் கடலூருக்கு அருகே ஒரு பொட்டல் நிலத்தில் ஆள்காட்டி முட்டையிட்டிருந்தது. சரளைக் கற்களுக்கு நடுவே, கற்களைப் போலவே புள்ளி விழுந்த நான்கு முட்டைகள். படம் எடுத்த இளைஞர் மகிழ்ச்சியில் ஊரையும் சாலையையும் குறிப்பிட்டுப் பொதுப் பதிவாக இட்டுவிட்டார். படத்துக்குள் கேமரா பதிக்கும் இடக்குறிப்பை மாஸ்டடான் நீக்கிவிடுகிறது. எழுத்தில் நாம் சொல்லிவிடுவதற்கு அது என்ன செய்ய முடியும்? ஒரு மணி நேரத்தில் நாங்கள் நீக்கியும், அதற்குள் பதிவின் நகல் பல சர்வர்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நீக்கும்படி எங்கள் சர்வர் அனுப்புவது ஒரு வேண்டுகோளே தவிர, மற்ற சர்வர்கள் அதை நிறைவேற்றித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. இரண்டு நாள் கழித்து அங்கே போனபோது பைக் தடங்கள் இருந்தன, முட்டைகள் இல்லை. அந்தப் பதிவுதான் காரணமா என்பதற்கு எங்களிடம் சான்றில்லை. ஆயினும் ஆள் வருவதைக் கத்திக் காட்டிக்கொடுக்கும் பறவையின் கூட்டை நாமே காட்டிக்கொடுத்தோமே என்ற வேதனை எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்களைப் போன்ற குழுவுக்கு மாஸ்டடானின் பெரிய குறை இதுவே. ஒரு பதிவை யார் பார்க்கலாம் என்பதற்கு ‘எல்லோருக்கும்’, ‘பின்தொடர்வோருக்கு மட்டும்’, ‘குறிப்பிட்டவருக்கு மட்டும்’ என்ற தெரிவுகள் இருக்கின்றன. ‘இந்தச் சர்வரில் உள்ளவர்களுக்கு மட்டும்’ என்ற தெரிவு மூல மென்பொருளில் இல்லை. அந்த ஒரு தேவைக்காகவே அதன் மூலநிரலை எடுத்து மாற்றியமைத்த கிளை மென்பொருளான ஹோம்டவுனுக்கு மாறினோம். டேரியஸ் கசெமி உருவாக்கிய இதில், வெளியே செல்லாத உள்ளூர்ப் பதிவை ஒரு பொத்தானில் இடலாம். இப்போது கூடு, குஞ்சு, இரவடையும் மரம் பற்றிய எதுவும் எங்கள் வேலியைத் தாண்டுவதில்லை. மூல மென்பொருளின் புதிய பதிப்புகள் இதற்குத் தாமதமாகவே வந்து சேர்கின்றன. அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே என் முடிவு. தனிச்செய்திகள் முனைக்குமுனை மறையாக்கம் செய்யப்படுவதில்லை, தரவுத்தளத்தை அணுகக்கூடியவர் விரும்பினால் அவற்றைப் படிக்க முடியும் என்பதையும் சேரும் ஒவ்வொருவரிடமும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவை ஆளுக்கு மாதம் 30 ரூபாய் என்று பகிர்ந்துகொள்கிறோம். முதல் ஆண்டில் வட்டு நிரம்பி சர்வர் ஒருமுறை நின்றுவிட்டது. நாங்கள் ஏற்றிய படங்கள் அதற்குக் காரணமல்ல; நாங்கள் பின்தொடரும் வெளிக்கணக்குகளின் படங்களையும் சர்வர் தன்னிடம் நகலெடுத்து வைத்துக்கொள்வதுதான் காரணம். நிர்வாகப் பக்கத்தில் அந்த நகல்களுக்கு ஏழு நாள் என்று கெடு வைத்ததும் சிக்கல் தீர்ந்தது. சேர விரும்புவோர் காரணம் எழுதி ஒப்புதல் பெறும் முறையை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொண்டதால், விளம்பரக் கணக்குகளின் தொல்லை அறவே இல்லை.

வேறு குழுவினர் இதைத் தொடங்குவதாக இருந்தால், இணையப் பெயரை நன்கு யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிறுவிய பின் அதை மாற்ற இயலாது. தரவுத்தளத்தையும் அமைப்புக் கோப்பையும் நாள்தோறும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைக்கத் தெரிந்தவர்கள் குறைந்தது இருவர் வேண்டும். அப்படி இருவர் இல்லாத குழு, நம்பகமான வேறொரு சர்வரில் கணக்குத் தொடங்கிக்கொள்வது நல்லது. பின்னாளில் சொந்த சர்வருக்கு மாறும்போது பின்தொடர்வோரை அழைத்துக்கொண்டு வர முடியும். பழைய பதிவுகள் மட்டும் அங்கேயே தங்கிவிடும். ஆகவே குறிப்பேடாகப் பயன்படுத்த எண்ணுவோர், முதல் வலசைப் பருவம் தொடங்குவதற்கு முன்பே எங்கே எழுதப்போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும்.